கரண்ட் போனால் கணக்கும் போகிறது: அஞ்செட்டி பக்கம் பால் சங்கக் கணினி

கேள்வி: இரண்டு கணினி, ஒரு லேசர் பிரிண்டர், எல்லாம் ஒரே 600 விஏ யுபிஎஸ்ஸில் (கரண்ட் போனால் சிறிது நேரம் பேட்டரியில் ஓட்டும் பெட்டி). கரண்ட் போன உடனே மொத்தமும் அணைகிறது. திரும்ப வந்தால் தேதி பல வருடம் பின்னால் காட்டுகிறது, இணையதளமும் திறப்பதில்லை. சிக்னல் பாதி நேரம் கிடையாது. பிறகு பால் கணக்கைத் தளத்தில் ஏற்றினால் ஒரே உறுப்பினர் இரண்டு முறை வருகிறார்.

மலைக்காடு: முதலில் பிரிண்டரை நேரடி பிளக்குக்கு மாற்றுங்கள். சூடேறும்போது அது பல நூறு வாட் இழுக்கும்; 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். அப்புறமும் கரண்ட் போனதும் எல்லாம் அணைந்தால், யுபிஎஸ் உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி செத்திருக்கும். இரண்டு மூன்று வருடம்தான் அதற்கு ஆயுள், வெயிலில் இன்னும் குறைவு. தேதி பின்னால் போவது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்ததால். தேதி தப்பானால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. சிக்னலைத் திட்டிப் பயனில்லை.

ஓசூர்க்காரர்: இரட்டைப் பதிவு, பெயரை வைத்துத் தேடுவதால் வருவது. நம் கர்நாடக எல்லைப் பக்கம் ஒரே ஆள் வெங்கடேசன், வெங்கடேஷ், வெங்கடேசப்பா என மூன்று விதமாக எழுதப்படுவார். உறுப்பினர் எண்ணே அடையாளம். ஒவ்வொரு ரசீதுக்கும் கணினி எண், தேதி, காலை அல்லது மாலை, வரிசை எண் சேர்ந்த ஒரே குறியீடு கொடுங்கள். பாதியில் அறுந்து மறுபடி ஏற்றினாலும், அதே குறியீட்டை சர்வர் நிராகரிக்க வேண்டும். இதை மென்பொருள்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய தரவு யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லையென்றால் அதை முதலில் மாற்றணும்.

மலைக்காடு: ஒன்று விட்டுப்போச்சு. கணினியிலேயே செருகிக் கிடக்கும் பென்டிரைவ் பேக்கப் ஆகாது. வைரஸ் வந்தால் இரண்டும் போகும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றி எடுங்கள், ஒன்று சங்கத்துக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.