அமெரிக்காவின் யூட்டா மாநிலச் செம்பாறை நாட்டில் ஆறு நாள் பைக் பயணம்: பெருஞ்சுற்றா, 12ஆம் நெடுஞ்சாலை மட்டுமா?

பாலைவழி எழுதியது:

வணக்கம். செப்டம்பர் இறுதியில் ஆறு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. லாஸ் வேகாஸில் ஒரு பெரிய டூரிங் பைக்கை வாடகைக்கு எடுத்து, ஜயான், பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காக்கள், 12ஆம் மாநில நெடுஞ்சாலை, டோரி, ஹாங்க்ஸ்வில், மோவாப், மெக்சிகன் ஹாட், மான்யுமென்ட் வேலி, பேஜ் என்று சுற்றி மீண்டும் வேகாஸுக்கே திரும்புவதாகத் திட்டமிட்டிருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நல்ல சாலைகள், தாராளமாக ஓட்டலாம் என்கிறார் ஒரு நண்பர். பாதியை வெட்டிவிடு என்கிறார் இன்னொருவர். இருவருமே அங்கே ஓட்டியவர்கள் என்பதால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

மணற்கல் எழுதியது:

வெட்டச் சொன்ன நண்பரின் பக்கம் நான். அந்தச் சாலைகளில் நான்கு முறை ஓட்டியிருக்கிறேன். முதல் முறை என் கையில் இருந்ததும் உங்களுடையதைப் போன்ற ஒரு திட்டம்தான். எஸ்கலாண்டேக்கும் போல்டருக்கும் நடுவே ஹாக்பேக் என்று ஓரிடம் உண்டு. சாலை ஒரு பாறை முகட்டின் மேலேயே ஓடும். இரு புறமும் நிலம் சரிந்து இறங்கும். தடுப்புக் கம்பி கிடையாது. பக்கவாட்டுக் காற்று ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டே இருக்க, கீழே வெளிர்மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பாறை அலையலையாக விரிந்து கிடந்தது. வாழ்நாளில் நான் ஓட்டிய சாலைகளில் அதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் இருட்டுவதற்குள் ஹாங்க்ஸ்வில் போய்ச் சேர வேண்டுமே என்ற ஒரே நினைப்போடு அதை நான் கடந்தேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

12ஆம் நெடுஞ்சாலையின் மொத்த நீளம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஒரே பகலில் ஓட்டி முடித்துவிடலாம் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. நான் அதற்கு மட்டும் மூன்று நாள் ஒதுக்குவேன். போல்டரில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து பிரியும் பர் டிரெயிலில் தார் போட்ட 50 கிலோமீட்டரைப் போய்த் திரும்புங்கள். லாங் கேன்யன் என்னும் பள்ளத்தாக்கில் இரு பக்கமும் செங்குத்தாக எழும் சிவப்புச் சுவர்களுக்கு நடுவே எஞ்சினை அணைத்துவிட்டு நின்றால், சூடான எஞ்சின் ஆறும் சின்னச் சின்னச் சத்தம்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வருவது காதில் விழும்.

தொலைவன் எழுதியது:

மணற்கல் அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. பெருஞ்சுற்றைப் பேராசை என்று நினைப்பவர்கள் அந்த நிலத்தின் அளவை மறந்துவிடுகிறார்கள்.

செம்பாறை நாடு ஒரே பாறையால் ஆனதல்ல. பிரைஸ் கேன்யனில் நிற்கும் இளஞ்சிவப்புத் தூண்களின் வயது ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள். ஜயானின் பெருஞ்சுவர்கள் ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகி உண்டானவை. அவற்றின் வயது 18 கோடி ஆண்டுகளுக்கு மேல். மான்யுமென்ட் வேலியின் தனிக்குன்றுகள் அவற்றைவிடவும் பழையவை, 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. மணல் துகளின் மேல் மெல்லிய தோலாகப் படிந்த இரும்பு ஆக்சைடு எல்லாவற்றையும் சிவப்பாக்கியிருந்தாலும், ஓரிடத்துச் சிவப்பு இன்னோரிடத்துச் சிவப்பல்ல. ஜயானில் பல சுவர்களின் மேற்பகுதி வெளுத்திருப்பதற்குக் காரணம், பாறைக்குள் ஊடுருவிய நீர்மங்கள் அங்கிருந்த இரும்பைக் கரைத்துக் கொண்டுபோனதுதான். இந்த வேறுபாட்டையெல்லாம் ஒரே பயணத்தில், ஒரே வாரத்து வெளிச்சத்தில், அடுத்தடுத்துக் கண்ணில் வாங்கினால்தான் மனத்தில் ஒப்பிட முடியும். ஒரே ஊரில் மூன்று நாள் உட்கார்ந்தால் முடியாது.

தொலைவுக்கென்று ஓர் அனுபவமும் இருக்கிறது. மெக்சிகன் ஹாட் பக்கமிருந்து 163ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே வரும்போது, மான்யுமென்ட் வேலியின் குன்றுகள் முதலில் விரல்நகம் அளவில் அடிவானத்தில் தெரியும். சாலை நேர்கோடாக இறங்கிக்கொண்டே போக, அவை வளர்ந்துகொண்டே வரும். அந்தக் காத்திருப்புக்காகவே பைக்கில் போக வேண்டும்.

மணற்கல் எழுதியது:

பாறைகளின் வயதை நீங்கள் எடுத்தது நல்லதாயிற்று, ஏனெனில் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. 12ஆம் நெடுஞ்சாலையை மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டிப் பாருங்கள். ரெட் கேன்யனிலும் பிரைஸிலும் நீங்கள் சொன்ன அதே இளஞ்சிவப்புப் பாறைதான். டிராபிக் ஊருக்கு இறங்கி ஹென்ரிவில்லைத் தாண்டினால் ப்ளூஸ் எனப்படும் சாம்பல் நிறக் களிமண் மேடுகள், டைனோசர்கள் வாழ்ந்த காலத்துப் படிவுகள், வந்துவிடுகின்றன. எஸ்கலாண்டேக்கு அப்பால், ஜயானின் சுவர்களில் உள்ள அதே பாறை, நவஹோ மணற்கல் என்பார்கள். பிறகு எரிமலைக் குழம்பு மூடிய போல்டர் மலையில் ஏறி, டோரியில் இறங்கும்போது அதைவிடவும் பழைய சாக்லேட் சிவப்பு. நீங்கள் 1,700 கிலோமீட்டரில் தேடும் ஒப்பீட்டில் பெரும்பகுதியை இந்த ஒரே சாலை 200 கிலோமீட்டரில் தந்துவிடுகிறது.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். எஸ்கலாண்டே ஆற்றைக் கடக்கும் இடம் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போல்டர் மலையின் உச்சியில் சாலை 2,900 மீட்டரைத் தொடுகிறது. ஆற்றங்கரையில் ஜாக்கெட்டின் காற்றுத் திறப்புகளையெல்லாம் திறந்து வைத்திருந்தவன், ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே நின்று உள்சட்டை தேடினேன். செப்டம்பர் இறுதியில் அந்த இலைகள் மஞ்சளாகும். மரங்களுக்கு அப்பால், வெகு கீழே, வாட்டர்பாக்கெட் மடிப்பு என்னும் 160 கிலோமீட்டர் நீளப் பாறை மடிப்பு சிவந்து கிடக்கும். இவ்வளவையும் விட்டுவிட்டு ஏன் விரைய வேண்டும்?

நீர்க்குடுவை எழுதியது:

நான் மிதிவண்டிக்காரன். ஹாங்க்ஸ்வில்லிலிருந்து 95ஆம் நெடுஞ்சாலை வழியாக பிளாண்டிங் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டரை இரண்டு நாளில் மிதித்தேன், பத்து லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு. வறண்ட காற்றில் வியர்வை தோலில் நிற்பதே இல்லை. மாலையில் சட்டையில் உப்புக்கோடு தெரியும்போதுதான் எவ்வளவு இழந்தோம் என்பது புரியும். பைக்கில் போகிறவர்களுக்கு இது இன்னும் எளிதில் ஏமாற்றும், ஏனெனில் காற்று வியர்வையை உடனுக்குடன் கொண்டுபோய்விடும். எந்தத் திட்டமானாலும், தாகம் எடுப்பதற்கு முன்பே குடியுங்கள். விவாதத்தில் என் வாக்கு மணற்கல்லுக்கு.

பாலைவழி எழுதியது:

நன்றி. இருவர் சொல்வதும் நியாயமாகப் படுவதுதான் சிக்கல். இரண்டு ஐயங்கள். தெற்கே போனால் மோக்கி டக்வே சாலையில் ஓட்ட ஆசை, அது கனமான பைக்குக்குச் சரிப்படுமா? மான்யுமென்ட் வேலிக்குள் பைக்கிலேயே சுற்ற முடியுமா?

தொலைவன் எழுதியது:

இரண்டாவதற்கு முதலில் விடை. உள்ளே இருக்கும் 27 கிலோமீட்டர் மண்சாலைச் சுற்றில் மோட்டார் சைக்கிளை நவஹோ பழங்குடிப் பூங்கா அனுமதிப்பதில்லை. நவஹோ வழிகாட்டிகள் தங்கள் வண்டியில் அழைத்துச் செல்வார்கள். அதில் போவதே நல்லது, அது அவர்களுடைய மண். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நவஹோ நாட்டில், அதாவது அந்தப் பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியில், கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவார்கள், அரிசோனாவின் மற்ற பகுதிகளில் அந்த வழக்கமில்லை. ஆகவே அங்கிருந்து, அந்த மற்ற பகுதியில் இருக்கும் பேஜ் ஊருக்குப் போய்ச் சேரும்போது உங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

மோக்கி டக்வே 1950களின் இறுதியில் யுரேனியத் தாது லாரிகளுக்காகச் செங்குத்துச் சரிவில் வெட்டப்பட்ட பாதை. ஐந்து கிலோமீட்டருக்குச் சரளையும் கொண்டை ஊசி வளைவுகளும். நான் கனமான பைக்கில்தான் இறங்கினேன். முதல் கியரில், பின் பிரேக்கை மெல்லத் தொட்டபடி வந்தால் முடியும். ஒவ்வொரு வளைவிலும் வேலி ஆஃப் த காட்ஸ் சமவெளி முழுவதும் காலடியில் விரியும்.

மணற்கல் எழுதியது:

இந்த இடத்தில் நான் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது. அதே சரிவில், அதே இறங்குமுகத்தில், நான் விழுந்திருக்கிறேன். மூன்றாவது வளைவின் உட்புறத்தில் சரளை குவிந்திருந்தது. முன் டயர் அதில் ஏறிய கணத்தில் பதறி முன் பிரேக்கைப் பிடித்தேன். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் முந்நூற்றைம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி சாயத் தொடங்கிய பிறகு மனிதக் காலால் தாங்க முடியாது. கிளட்ச் பிடி ஒடிந்து, பாதி மட்டும் மிஞ்சியது. பின்னால் காரில் வந்த கணவனும் மனைவியும் இறங்கி வந்து தூக்க உதவியதால் தப்பித்தேன். அதன் பிறகுதான் வாடகை ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்தேன். தார் போடாத சாலையில் நேரும் சேதத்துக்குக் காப்பீடு இல்லை என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. படிக்காதது என் தவறு. பாலைவழி அவர்களே, பைக் எடுக்கும் முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

முதல் முறையாகச் சரளையில் கனமான பைக்கை ஓட்டுகிறவரிடம் "முடியும்" என்று மட்டும் சொல்வது போதாது.

தொலைவன் எழுதியது:

அதை ஏற்கிறேன். ஒப்பந்தத்தைப் பற்றி நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். சரளையில் ஓட்டிப் பழகியவன் என்ற பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஆனால் பெருஞ்சுற்றைக் கைவிட அது காரணமாகாது. மோவாபிலிருந்து 191, 163 ஆகிய தார்ச்சாலைகளிலேயே மான்யுமென்ட் வேலிக்கு வந்துவிடலாம்.

பாலைவழி எழுதியது:

நேற்றிரவு வரைபடத்தை விரித்து வைத்து மீண்டும் கணக்கிட்டேன். மோவாபை இம்முறை விட்டுவிடுகிறேன். ஜயானில் ஓர் இரவு, எஸ்கலாண்டேயில் ஒன்று, போல்டரில் ஒன்று, டோரியில் ஒன்று. நான்காம் நாள் டோரிக்கு முன்னதாகவே சேர்ந்து, பக்கத்திலுள்ள ஃப்ரூட்டாவின் பழைய தோட்டங்களில் ஆப்பிள் பறிக்க விடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் நாள் ஹாங்க்ஸ்வில்லில், பாறையைக் குடைந்து கட்டிய அந்தப் பெட்ரோல் நிலையத்தில் டாங்கை நிரப்பிக்கொண்டு, 95ஆம் நெடுஞ்சாலை, பிளாண்டிங், பிளஃப் வழியாகத் தார்ச்சாலையிலேயே மான்யுமென்ட் வேலி. கடைசி நாள் பேஜ் வழியாக வேகாஸ்.

மணற்கல் எழுதியது:

முதல் நான்கு நாட்கள் அருமை. கடைசி இரண்டும் நீளமானவை: ஐந்தாம் நாள் ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ஆறாம் நாள் 600 கிலோமீட்டரைத் தாண்டும். டோரியிலிருந்து விடிந்ததும் கிளம்புங்கள். அந்தி வேளையில் சாலையில் மான்களும் வேலியில்லாத மேய்ச்சல் நிலத்து மாடுகளும் நிற்கும்.

தொலைவன் எழுதியது:

ஐந்தாம் நாள் மாலை வெயில் சாயும்போது 163இல் தெற்கு நோக்கி வந்துகொண்டிருப்பீர்கள். அந்த நேர்கோட்டில் மட்டும் வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நில்லுங்கள். மணற்கல்லும் அதை மறுக்க மாட்டார்.