வெள்ளி நாணயங்களைத் தரப்படுத்த அனுப்பலாமா?

அண்ணாமார், அக்காமார், ஒரு யோசனை சொல்லுங்கள். கனடாவில் இருக்கிற சித்தப்பா மட்டக்களப்புக்கு வரும்போதெல்லாம் வெள்ளி மேப்பிள் லீஃப் நாணயம் கொண்டுவந்து தருவார். பெட்டியும் சான்றிதழுமாக அமெரிக்க சில்வர் ஈகிள் ப்ரூஃப் (சேகரிப்போருக்காகப் பளபளப்பாக அச்சடித்த வெள்ளி நாணயம்) ஒன்றும் இருக்கிறது. இவற்றை பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசிக்கு, அதாவது நாணயத்தின் நிலையைப் பார்த்து நம்பர் போட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் அமெரிக்க நிறுவனங்களுக்கு, அனுப்பித் தரம் போட்டு எடுப்பதில் பிரயோசனம் உண்டா?

1 முதல் 70 வரை போகிற அவர்களின் தர அளவுகோலில் புது நாணயங்கள் பெரும்பாலும் 69, 70 என்றுதான் வாங்குகின்றன. 69 வந்தால் செலவுக்கே கட்டாது. 70 வந்தாலும் அதே 70 சந்தையில் குவிந்து கிடக்கிறது. கட்டணம், போக வரக் காப்புறுதியோடு கூரியர், திரும்பி வரும்போது சுங்கம் என்று கூட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. போதாததற்கு ஒரு மேப்பிளில் ராணியின் கன்னத்தில் பால் தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளி. துடைத்தால் கீறல் விழும், தரமும் போய்விடும் என்று தொடாமல் வைத்திருக்கிறேன்.

இங்கே நகைக்கடையில் நிறுத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள், நம்பர் போட்ட பிளாஸ்டிக் உறையை யார் மதிக்கப் போகிறார்கள்?

சரி, ஈகிளை மட்டும் அனுப்பலாமா? இலங்கையின் கிழக்கிலிருந்து யாராவது அனுப்பியிருந்தால் மொத்தச் செலவு எவ்வளவு வந்தது? சித்தப்பா இங்கே மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வருகிறார், அவரிடமே கொடுத்துவிட்டு கனடாவிலிருந்து அனுப்பச் சொல்வது மலிவா?

அப்புறம், இலங்கை மத்திய வங்கி மாவட்டத்துக்கு ஒன்றாக வெளியிட்ட 2013 வரிசைப் பத்து ரூபா நாணயங்களில் மட்டக்களப்பும் அம்பாறையும் புதுசாகவே இருக்கின்றன. அவற்றை விற்கிற எண்ணம் இல்லை. எதில் போட்டு வைத்தால் கறுக்காது?