வண்டி 15 அடி 5 அங்குலம், போர்ட்டிகோ 14 அடி: ஆக்டேவியா ஆர்எஸ் 245-ஐ எங்கே நிறுத்துறது?

ஃபியட்பேரன் (மயிலாப்பூர்)

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கங்க.

எங்க வீடு மாட வீதியிலிருந்து ரெண்டு சந்து தள்ளி. தாத்தா 1971-ல கட்டினது. அவர்கிட்ட ஒரு ஃபியட் இருந்துச்சு. அதை மனசுல வெச்சுத்தான் போர்ட்டிகோவையே கட்டினார். ஃபியட் 13 அடி, போர்ட்டிகோ 14 அடி. அந்தக் காலத்துக்கு அது தாராளம்.

போன வருஷம் நான் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 வாங்கினேன். செகண்ட் ஹேண்ட், நீலக் கலர், 2020 கடைசியில ரெஜிஸ்டர் ஆனது. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: இந்தியாவுக்கு மொத்தமே 200 வண்டிதான் வந்துச்சு. ஷோரூம் விலை அப்போ 36 லட்சத்துக்குப் பக்கம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 245 குதிரைத்திறன். நான் கொடுத்த விலையை வீட்ல சொல்லலை. இங்கயும் சொல்லமாட்டேன், சித்தி பையன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பான்.

வாங்குறதுக்கு முன்னாடி சர்வீஸ் கணக்கு பார்த்தேன், கியர்பாக்ஸைத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட காட்டினேன், பெயின்ட் கனத்தைக்கூட மீட்டர் வெச்சுப் பார்த்தேன். எங்க வீட்டு வாசலை மட்டும் டேப் எடுத்து அளக்கலை. முதல் நாள் மூக்கு உள்ளே போய் அம்மாவோட துளசி மாடத்துக்கு ரெண்டு விரல் இருக்கும்போது நிறுத்திட்டு இறங்கிப் பார்த்தா, டிக்கி சந்துல நிக்குது.

அதனால வண்டி வாசம் பண்றது சந்துலதான். தண்ணி லாரி வரும்போதெல்லாம் சைடு கண்ணாடியை மடக்கிட்டு நான் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், அதுல லாரி கொஞ்சம் ஒல்லியாகும்ங்கிற மாதிரி. மேலே ஒரு வாதாமரம். ராத்திரி வௌவால் பழம் தின்னுட்டுப் போடுற எச்சம், காலைல பார்த்தா காபி டிகாக்ஷனைக் கொட்டின மாதிரி பானெட் முழுக்க. மார்கழி பனிக்குச் சந்து நாய் ஒண்ணு இன்ஜின் சூட்டுக்கு மேலே ஏறிப் படுத்து, இறங்கும்போது சறுக்கியிருக்கு. நாலு நகம், நாலு கோடு, இடது ஹெட்லைட்டுக்கு மேலே. அதைத் துரத்தவும் மனசு வரலை, பத்து வருஷமா நான் போடுற பிஸ்கெட்டைத் தின்ன நாய். அறுபத்துமூவர் அன்னைக்கு மாட வீதி பக்கமே வண்டி நிக்கக்கூடாது, முந்தின நாளே மந்தைவெளியில நண்பன் வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

கேள்வி இதுதான். கவர் போடலாமா வேண்டாமா? பக்கத்துத் தெரு அபார்ட்மென்ட்ல ஒருத்தர் தன்னோட ஸ்டில்ட் பார்க்கிங்கை (கட்டடத்துக்கு அடியில தூண்களுக்கு நடுவுல இருக்கிற இடம்) மாசம் 4,000 ரூபாய்க்குத் தர்றேங்கிறார், எடுக்கலாமா? இப்படித் தெருவுல விட்டு இந்த மாதிரி வண்டியைக் காப்பாத்துறவங்க யாராவது இருக்கீங்களா?

---

பாலிஷ்சாமி (கோயம்புத்தூர்)

அண்ணா, கார் டீட்டெயிலிங் கடை வெச்சிருக்கறேனுங்க, 11 வருசம் ஆச்சு. கவர் வேண்டாமுங்க. சொல்றேன் ஏன்னு.

கவர் கெட்டது இல்லைங்க, அழுக்கு வண்டி மேல போடற கவர்தான் கெட்டது. தெருவுல நிக்கற வண்டியைத் தினமும் கழுவியா மூடுவீங்க? கடல்காத்து அடிக்கறப்போ கவர் சும்மா இருக்காது, படபடன்னு ஆடும். கீழ இருக்கற மண்ணோட சேர்ந்து அது உப்புத்தாள் வேலை பார்க்கும். நீலம், கறுப்பு மாதிரி அடர்ந்த கலர்ல அந்தச் சிலந்திவலைக் கோடு வெயில்ல பளிச்சுன்னு தெரியும். போதாததுக்கு உங்க ஊர் ஈரம். பிளாஸ்டிக் கவர்னா உள்ளயே வேர்த்து நிக்கும். தீபாவளி அன்னைக்கு மட்டும் கவரோட விட்டுறாதீங்க சாமி. ஒரு பொறி போதும், துணி பத்தினா உருகிப் பெயின்ட்டோட ஒட்டிக்கும். அப்படி ஒரு வண்டி என் கடைக்கு வந்துச்சு, ரூஃப் மாத்தற நெலமை.

எச்சத்தைப் பத்தி: அதுல அமிலம் இருக்குங்க. வெயில்ல மேல் கோட்டிங் இளகி, சாயங்காலம் ஆறி இறுகறப்போ எச்சத்தோட அச்சு அதுலயே பதிஞ்சுரும். அதனால காலைல ஏழு மணிக்குள்ள எடுத்துருங்க. சுரண்டாதீங்க. ஈரத்துணியை அது மேல அஞ்சு நிமிசம் போட்டு ஊற வெச்சு, ஒரே இழுப்புல மேல தூக்குங்க. வட்டமாத் தேய்ச்சா வௌவால் தின்ன கொட்டைத் தூளே கீறிப்போடும்.

செராமிக் கோட்டிங் போட்டா நகம் படாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அது தண்ணி, அழுக்கு ஒட்டாம இருக்கத்தான். நாய், பையன்க சாவி, கிரிக்கெட் பந்து உரசறதுக்கெல்லாம் பிபிஎஃப் ஃபிலிம்தான், பெயின்ட் மேல ஒட்டற கண்ணாடி மாதிரி பாதுகாப்புத் தாளுங்க. முழு வண்டிக்கும் வேண்டாமுங்க, பானெட், நாலு கதவு, பின் பம்பர் போதும். ஃபிலிம்ல விழற லேசான கோடு வெயில் சூட்டுலயே ஆறிக்கும்.

---

டர்போதாசன்

வித்துட்டு ஒரு ஆக்டிவா வாங்குங்க ப்ரோ. போர்ட்டிகோல ஒம்பது நிறுத்தலாம்.

---

ஃபியட்பேரன்

@டர்போதாசன் எங்க சித்தி பையன்தானே நீ?

---

ஓய்வுசர்வேயர்

மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக 30 ஆண்டுகள் இருந்தவன். எல்லோரும் பெயின்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பாலிசியைப் பற்றிக் கேட்கிறேன்: உங்கள் ஐடிவி, அதாவது வண்டி களவு போனால் கம்பெனி தருவதாக ஒப்புக்கொண்ட மதிப்பு, எவ்வளவு?

வண்டி புதிதாக விற்ற நாளிலிருந்து வயதைப் பொறுத்து, ஷோரூம் விலையில் தேய்மானம் ஏறுகிறது. இரண்டு முதல் மூன்று ஆண்டு என்றால் 30 சதவீதம், மூன்று முதல் நான்கு என்றால் 40, நான்கு முதல் ஐந்து என்றால் 50. அந்தக் கணக்கில் 36 லட்சம் வண்டி 18 லட்சத்தில் வந்து நிற்கும். சாதாரண வண்டிக்கு அது ஏறக்குறைய சந்தை விலைதான். 200 மட்டுமே வந்த வண்டிக்கு அப்படி இல்லை. நீங்கள் விலையைச் சொல்லவில்லை என்றாலும், 18 லட்சத்துக்கு வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். தென்னை மட்டை விழுந்து கண்ணாடி உடைந்தால் பிரச்சினை இல்லை. வண்டி களவு போனாலோ மொத்தமாக நாசமானாலோதான் இந்த வித்தியாசம் வலிக்கும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு அந்த அட்டவணை கிடையாது. ஐடிவியை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் வண்டி இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. இணையத்தில் வருகிற தொகையை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். விற்பனை விளம்பரங்கள், உங்கள் வங்கிப் பணப் பரிமாற்றம், வண்டியின் படங்கள் எல்லாம் வைத்து எழுத்தில் கேளுங்கள். பிரீமியம் சற்றுக் கூடும். கூடட்டும்.

அந்த நான்கு நகக் கீறலுக்கு கிளெய்ம் போடாதீர்கள். ஒரு கிளெய்மில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) சுழியத்துக்குப் போகும். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் இருந்தால்தான் 50 சதவீதம் கிடைக்கும்.

கடைசியாக, மழை. எஞ்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் (பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் காப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று ஒரு முறை திருகியவர்கள் எத்தனை பேர் என் எதிரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்! தண்ணீர் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த ஆட்-ஆன் இல்லாவிட்டால் எஞ்ஜின் செலவு உங்கள் தலையில்.

---

மூணுகதவு (வேளச்சேரி)

அண்ணா, என்கிட்ட 2017-ல வாங்கின போலோ ஜிடிஐ இருக்கு. மூணு கதவு, 1.8 டர்போ, அதுவும் எண்ணி 99 வண்டிதான் வந்துச்சு. அதனால உங்க தூக்கமில்லாத ராத்திரி எனக்கு நல்லாவே புரியுது.

ஆனா கூரை இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைக்காதீங்க. எங்க அபார்ட்மென்ட்ல எனக்கு பேஸ்மென்ட்ல சொந்த இடம் இருக்கு, நம்பர் பெயின்ட் அடிச்சு, தூணுக்கு ரப்பர் ஒட்டி. 2015 டிசம்பர்ல அதே பேஸ்மென்ட்ல அப்பாவோட ஐ20 முழுகிச்சு. நாங்க மாடியிலிருந்து இறங்குறதுக்குள்ள ஹெட்லைட் தானா எரிஞ்சு, தண்ணிக்குள்ள மஞ்சளாத் தெரிஞ்சுது. அதை மறக்கவே முடியலை. 2023 மிக்ஜாம் புயல் வரும்போது நான் முந்தின நாளே வண்டியைத் தாம்பரத்துல அண்ணன் வீட்டு மேட்டுல விட்டுட்டேன், பேஸ்மென்ட்ல இருந்த மத்தவங்க வண்டி மூணு போச்சு. 2024 அக்டோபர்ல கனமழைன்னு சொன்னப்போ, வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நின்ன படத்தைப் பார்த்திருப்பீங்க. அதுல சிவப்பு போலோ தெரிஞ்சா அது நான்தான். அபராதம் போடுறாங்கன்னு ஒரு புரளி வேற. அப்படி இல்லைன்னு போலீஸே சொல்லிட்டாங்க.

அப்புறம் எலி. தெருவுல நின்னா நாய், உள்ள நின்னா எலி. ரெண்டு வாரம் ஓட்டாம விட்டதுல ஆக்சிஜன் சென்சார் ஒயரைக் கடிச்சு வெச்சிருச்சு. செக்யூரிட்டி தாத்தா சொல்லி புகையிலைக் கட்டு ரெண்டு துணியில முடிஞ்சு பானெட்டுக்குள்ள தொங்க விட்டிருக்கேன். வண்டி சுருட்டு வாசனை அடிக்குது, எலி வரலை. வண்டியை அசைக்காம போடுறதுதான் தப்பு. வாரத்துக்கு ரெண்டு தடவை அரை மணி நேரம் ஓட்டுங்க. நின்ன இடத்துல அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சா பேட்டரி ஏறாது.

ஸ்டில்ட் இடம் பத்தி: அது ஓனர் மட்டும் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியா விக்கவே முடியாது, அது பொது இடம்னு 2010-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. மும்பை வழக்கு அது. நம்ம ஊர்ல அசோசியேஷனுக்கு அசோசியேஷன் ஒரு விதி. வெளியாளுக்கு வாடகைக்கு விடலாம்னு அசோசியேஷன்ல எழுதி வாங்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. இல்லைன்னா ஒரு நாள் காலைல உங்க வீலுக்குச் சங்கிலி.

---

ஃபியட்பேரன்

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொண்ணா சொல்றேன்.

அபார்ட்மென்ட் செக்ரட்டரியைப் பார்த்தேன். "மயிலாப்பூர்ல எங்களுக்கே இடமில்லை சார்"னு கதவுக்கு வெளியேவே முடிச்சுட்டார். கவரைத் தூக்கிப் பரண்ல போட்டாச்சு. சர்வேயர் ஐயா, பாலிசியை எடுத்துப் பார்த்தேன், நீங்க சொன்ன 18-க்கும் கீழே போட்டிருக்கான். நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்! எஞ்ஜின் ஆட்-ஆன் இல்லை. ரெனியூவல் அடுத்த மாசம், அங்க வெச்சுக்கறேன்.

இதுக்கு நடுவுல ஒண்ணு தோணுச்சு. 14 அடிங்கிறது கேட்டிலிருந்து துளசி மாடம் வரைக்கும். மாடத்துக்குப் பின்னால சுவர் வரைக்கும் ரெண்டடி சும்மா கிடக்கு. அப்போ 16 அடி. ஏழு அங்குலம் மிச்சம்! ஆனா ரெண்டு சிக்கல். போர்ட்டிகோ நடுவுல தண்ணி சம்ப் இருக்கு, உள் அகலம் நாலடி. இன்னொண்ணு, கேட் உள்பக்கம் திறக்குது. பின்னால ஏழு அங்குலம் வெச்சுக்கிட்டு எப்படிச் சாத்துறது? சிவில் ஆட்கள் யாராவது?

---

சிமென்ட்டுமூட்டை

சம்ப் மூடியில சக்கரம் ஏறக்கூடாது, அவ்வளவுதான். ஃபியட் 900 கிலோ வண்டி. உங்களது 1,400 கிலோவுக்கு மேல, அதுலயும் பாதிக்கு மேல எடை முன் சக்கரத்துல. 50 வருஷ ஸ்லாப், கீழே எப்பவும் ஈரம், கம்பி துருப்பிடிச்சு காங்கிரீட்டைப் பொளந்திருக்கும். சம்ப் கழுவுறப்போ உள்ளே டார்ச் அடிச்சு மேல பாருங்க, பழுப்புக் கோடு தெரிஞ்சா இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

உங்க ரெண்டு டயருக்கும் நடுவுல உள்பக்கமா நாலேகால் அடி இருக்கும். சம்ப் நாலடி. ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் தள்ளித்தான் போகும். தரையில ரெண்டு மஞ்சள் கோடு போட்டு அது மேல ஓட்டுங்க. கேட்டுக்குக் கொலாப்சிபிள்தான், பக்கவாட்டுல மடங்குற இரும்பு கேட். ரோலிங் ஷட்டர் செலவு கம்மி, ஆனா வீடு மளிகைக் கடை மாதிரி இருக்கும்.

---

ஃபியட்பேரன்

சம்ப் பார்த்தாச்சு. ரெண்டு இடத்துல பழுப்பு. இன்ஜினியர் சனிக்கிழமை வர்றார்.

கேட் கதை வேற. இதை அம்மாகிட்ட சொன்னதும் சிரிச்சாங்க. தாத்தா போட்டது மடக்கு கேட்தானாம். 2004-ல அப்பாதான் "ஜெயில் மாதிரி இருக்கு"ன்னு பிடுங்கிட்டு இதை மாட்டியிருக்கார். பழசு எங்கேன்னு கேட்டேன். மொட்டை மாடியில இருக்கு, ஓரமா சாய்ச்சு வெச்சது, நான் தினமும் துணி காயப்போடும்போது பார்க்கிறதுதான். அது மேல அம்மா பாகற்கொடி ஏத்தியிருக்காங்க. வெல்டர் வந்து தட்டிப் பார்த்தார், கீழ் ரோலர் மட்டும் மாத்தணும், மத்தபடி இந்தக் காலத்து கேட்டைவிடக் கனம்னார்.

துளசி மாடத்தை நகர்த்த அம்மா ஒத்துக்கிட்டாங்க, வாத்தியார் நாள் பார்த்துச் சொல்லணும். கேட்டுக்குத்தான் தடை. கொடியில இப்போதான் பிஞ்சு விட்டிருக்காம், காய்ப்பு முடியாம யாரும் கை வைக்கக்கூடாதாம். குறைஞ்சது ரெண்டு மாசம்.

பாலிஷ்சாமி, அதுவரைக்கும் பானெட்டுக்கு மட்டும் ஃபிலிம் ஒட்ட எவ்வளவு ஆகும்?