ஸ்பவுஸ் விசா டிசம்பரில் முடிகிறது, தையில் தங்கை கல்யாணம்: ஊரில் இருந்தபடியே புதுப்பிக்க முடியுமா?

காவிரிக்கரை (14 அக்டோபர் 2025)

எல்லோருக்கும் வணக்கம். கணவர் பிரிட்டிஷ் குடிமகன். நான் 33 மாத ஸ்பவுஸ் விசாவில் (கணவன் அல்லது மனைவியோடு சேர்ந்து வாழ வருபவருக்கான விசா) 2023 மார்ச் 25 அன்று லண்டன் வந்தேன். விசா 2025 டிசம்பர் 10 வரை. தை மாதக் கடைசியில் திருச்சியில் தங்கைக்குக் கல்யாணம். கைக்குழந்தையோடு நவம்பர் 29 கிளம்பி பிப்ரவரி 8 திரும்புவதாகத் திட்டம். கணவர் ஜனவரியில்தான் வருவார். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

எக்ஸ்டென்ஷன் ஃபார்ம் ஆன்லைனில்தானே இருக்கிறது, அதைத் திருச்சியில் இருந்து போட்டு, கைரேகையைச் சென்னையில் கொடுக்க முடியுமா? இல்லை, இங்கே போட்டுவிட்டுக் கிளம்பினால் முடிவு வரும்வரை ஊரில் இருக்கலாமா? இன்னொன்று, கணவர் சம்பளம் ஆண்டுக்கு 24,000 பவுண்டு. இப்போது குறைந்தபட்ச வருமானம் 29,000 வேண்டும் என்கிறார்களே, அது எங்களுக்கும் பொருந்துமா? வந்தபோது கொடுத்தது ஏ1 (தொடக்க நிலை) ஆங்கிலச் சான்று.

ஈஸ்ட்ஹாம்_வாசி

இரண்டுக்கும் பதில் முடியாது என்பதுதான், சகோதரி.

எக்ஸ்டென்ஷன் என்பது பிரிட்டனுக்குள் இருப்பவர் தங்கும் அனுமதியை நீட்டிக்கக் கேட்கும் விண்ணப்பம். ஃபார்ம் திருச்சியில் திறக்கும், பணமும் எடுத்துக்கொள்ளும். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் நீங்கள் பிரிட்டனில் இருக்க வேண்டும், கைரேகையையும் இங்குள்ள மையத்தில்தான் கொடுக்க வேண்டும். சென்னை மையம் வெளிநாட்டில் இருந்து புதிதாக விசா கேட்பவர்களுக்கானது.

போட்டுவிட்டுக் கிளம்புவது இன்னும் மோசம். குடிவரவு விதிகளில் 34கே என்றொரு பத்தி இருக்கிறது. முடிவு வரும் முன் விண்ணப்பதாரர் பொதுப் பயணப் பகுதியை விட்டு வெளியேறினால், வெளியேறிய நாளிலேயே விண்ணப்பம் வாபஸ் ஆனதாகக் கொள்ளப்படும். பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்சி, கெர்ன்சி, ஐல் ஆஃப் மேன் இவைதான் அந்தப் பகுதி. பலர் ஏமாறும் இடம் இதுதான்: பயோமெட்ரிக் மையத்தில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்துவிட்டுக் கையிலேயே திருப்பித் தருவார்கள். பாஸ்போர்ட் கையில் இருப்பதால் பயணம் போகலாம் என்று அர்த்தமில்லை. விமான நிலையத்தில் உங்களை யாரும் நிறுத்த மாட்டார்கள், ஆனால் பயணிகள் விவரம் விமான நிறுவனத்திடம் இருந்து ஹோம் ஆபீஸுக்கு (விசாக்களைக் கவனிக்கும் பிரிட்டிஷ் உள்துறை) போய்விடும்.

ஆகவே முடிவு கையில் வந்த பிறகே விமானம் ஏறுங்கள். விசா முடிய 28 நாள் இருக்கும்போதுதான் போட வேண்டும் என்பதால் நவம்பர் 12க்கு மேல் சூப்பர் பிரையாரிட்டியில் (கூடுதல் பணம் கட்டினால் அடுத்த வேலை நாளே முடிவு தரும் வழி) போடுங்கள்.

விதிநூல்

மேலே சொன்னதில் கடைசி வரி மட்டும் சரியில்லை. 28 நாளுக்கு முன் போடக் கூடாது என்று தடை எதுவும் இல்லை. பழைய விசாவில் மீதமிருக்கும் நாட்களில் அதிகபட்சம் 28 நாளைத்தான் புதிய 30 மாதத்தோடு சேர்ப்பார்கள், அவ்வளவுதான் விதி. அதற்கு மேல் மிச்சமிருந்தால் அந்த நாட்கள் உங்களுக்கு நஷ்டம்.

சீக்கிரம் போடுவதில் உண்மையாகக் கவனிக்க வேண்டியது நிரந்தர வசிப்புரிமை (ஐ.எல்.ஆர்.) கணக்கு. ஐ.எல்.ஆருக்கு 60 மாதம் வேண்டும். முதல் விசாவில் இங்கே இருந்த காலமும் புதிய அனுமதியும் சேர்ந்து 60ஐ எட்டாவிட்டால் நடுவில் இரண்டாவதாக ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்க நேரும், முழுச் செலவும் மறுபடி. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மார்ச் 25, 2023 முதல் எண்ணினால் செப்டம்பர் 25 அன்றே 30 மாதம் முடிந்துவிட்டது. முடிவு நவம்பர் 10 அன்று வருகிறது என்று வையுங்கள். அங்கிருந்து 30 மாதம் 2028 மே 10, அதோடு 28 நாள் சேர்த்தால் ஜூன் 7. உங்கள் 60 மாதம் நிறைவது 2028 மார்ச் 25. ஐ.எல்.ஆரை அதற்கு 28 நாள் முன்பே, பிப்ரவரி 26 முதல் போடலாம். தாராளமாகப் போதும். நவம்பர் 12 வரை காத்திருப்பதால் மிச்சமாவது இரண்டே நாள். அதற்காகப் பயணத்துக்கு முன் இருக்கும் நேரத்தைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள்.

இந்த வருமான வரம்பு விஷயத்தில் உங்களுக்குப் பழைய கணக்குதான். 29,000 வந்தது 2024 ஏப்ரல் 11 அன்று. அதற்கு முன் விண்ணப்பித்து இந்த வழியில் வந்தவர், அதே துணையோடு நீட்டிக்கும்போது 18,600 காட்டினால் போதும். குழந்தை பிரிட்டிஷ் குடிமகன் என்றால் குழந்தைக்கான கூடுதல் தொகையும் இல்லை. இங்கே வேலை செய்ய உங்களுக்கு அனுமதி இருப்பதால், எக்ஸ்டென்ஷனில் உங்கள் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம். 24,000 இருக்கையில் அதற்கு அவசியமில்லை. காகிதம் குறைவாக இருப்பதே நல்லது.

செலவு, 2025 ஏப்ரல் கட்டணப்படி: விண்ணப்பம் 1,321 பவுண்டு. மருத்துவக் கட்டணமான ஐ.எச்.எஸ். ஆண்டுக்கு 1,035 வீதம் இரண்டரை ஆண்டுக்கு 2,587.50. சூப்பர் பிரையாரிட்டிக்கு மேலும் 1,000. மொத்தம் 4,908.50.

ஹாரோ_நிலா

காவிரிக்கரை, இப்போது உங்களைத் தாமதப்படுத்தப் போவது பணமோ ஃபார்மோ இல்லை, ஆங்கிலச் சான்று. ஏ1 முதல் விசாவுக்கு மட்டும்தான். எக்ஸ்டென்ஷனுக்கு ஏ2 வேண்டும். ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ2 அல்லது டிரினிட்டியின் கிரேடு 3, இரண்டில் எதற்கு முதலில் தேதி கிடைக்கிறதோ அதை இன்றே பதிவு செய்யுங்கள். பேச்சில் தடுமாற்றம் இல்லை என்றால் நேராக பி1 எழுதிவிடுங்கள். 2025 விதிப்படி, இந்த விண்ணப்பத்தில் ஏற்கப்பட்ட பி1 சான்றையே ஐ.எல்.ஆருக்கும் காட்டலாம், இடையில் அதன் இரண்டு ஆண்டுக் காலம் முடிந்திருந்தாலும். பதிவு செய்யும்போது அது விசாவுக்கான தேர்வுதானா என்று பாருங்கள். சாதாரண ஐஇஎல்டிஎஸ் எழுதி வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

சம்பளக் காகிதங்களில் தேதிதான் காலை வாரும். ஒரே வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இருப்பவருக்கு மூன்று ஆவணங்கள்: ஆறு மாத பேஸ்லிப், அந்தச் சம்பளம் வரவு வைக்கப்பட்ட அதே ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம். கடிதத்தில் வேலை என்ன, ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, எப்போதிலிருந்து வேலை, இந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, நிரந்தரமா ஒப்பந்தமா என்ற எல்லாம் இருக்க வேண்டும். பணம் கட்டிச் சமர்ப்பிக்கும் நாளே விண்ணப்ப நாள். கடைசி ஆவணங்கள் அந்த நாளுக்கு 28 நாளுக்குள் தேதியிட்டவையாக இருக்க வேண்டும். நவம்பர் 3 அன்று போடுகிறீர்கள் என்றால் அக்டோபர் கடைசி பேஸ்லிப்பும், அந்தச் சம்பளம் விழுந்த வரி வரைக்குமான ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். செப்டம்பரோடு முடிந்த ஸ்டேட்மென்ட்டை வைத்தால் 34 நாள் ஆகிவிடும், செல்லாது. ஸ்டேட்மென்ட்டை வீட்டில் அச்சிட்டால் கிளையில் கொடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்கிவிடுவது பாதுகாப்பு.

கணவர் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் இங்கே சொல்லுங்கள். ஆறு மாதத்தில் இருந்த குறைந்தபட்ச சம்பள நிலையை வைத்துத்தான் ஆண்டு வருமானத்தைக் கணக்கிடுவார்கள்.

சேர்ந்து வாழ்வதற்குச் சான்றாக இரண்டு ஆண்டில் பரவிய ஆறு கடிதங்கள், குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களில் இருந்து வந்தவை: கவுன்சில் டாக்ஸ், கரண்ட் பில், பேங்க், ஜிபி (குடும்ப டாக்டர்), என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை). இரண்டு பேர் பெயரும் இருந்தால் ஆறு. தனித்தனிப் பெயரில் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஆறு, முகவரி ஒன்றாக இருக்க வேண்டும். ஆறும் ஒரே மாதத்துக் கடிதங்களாக இருந்தால் பயனில்லை. பிரசவத்துக்கு ஊருக்குப் போய்ப் பல மாதம் தங்கியிருந்தால், அந்தக் காலத்துக்கு ஏன் பிரிந்திருந்தீர்கள் என்று ஒரு பத்தி விளக்கமும் டிக்கெட் நகலும் வையுங்கள். நல்ல காரணம் காட்டினால் அது குறையாகாது. சொல்லாமல் விட்டால்தான் கேள்வி வரும்.

காவிரிக்கரை

அக்கா, அண்ணா, மிக்க நன்றி. ஏ2 தேர்வு அக்டோபர் 25க்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் சூப்பர் பிரையாரிட்டி இடமே கிடைக்கவில்லை என்றால்? டிசம்பர் 10ஆம் தேதிக்குள் திரும்பிவிடும்படி முதலில் குறுகிய பயணமாகப் போய் வந்து, பிறகு போடலாமா?

விதிநூல்

அந்தக் குறுகிய பயணம் சட்டப்படி சரி. பழைய விசா உயிரோடு இருக்கும்வரை போகலாம், வரலாம். ஆனால் கைக்குழந்தையோடு டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு விமானம் ரத்தானால் எல்லாம் போயிற்று. நான் வேண்டாம் என்பேன்.

தேர்வு முடிவு ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். நவம்பர் 3 திங்கள் சமர்ப்பிக்கிறீர்கள், 7 வெள்ளி பயோமெட்ரிக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், சூப்பர் பிரையாரிட்டியில் அடுத்த வேலை நாள், அதாவது 10 திங்கள் முடிவு வர வேண்டும். மேலும் விசாரிக்க ஏதாவது இருந்தால் இழுக்கும், அந்த 1,000 திரும்பாது. அதற்குத்தான் 29 வரை இடைவெளி. இடம் இல்லை என்றால் சாதாரண வழியில் போடுங்கள். அதன் இலக்கு எட்டு வாரம், நவம்பர் 7இல் இருந்து ஜனவரி 2. கல்யாணம் தைக் கடைசியில்தானே? அப்போதும் போய்ச் சேர இடம் இருக்கிறது. நவம்பர் 29ஐ விட்டுக்கொடுக்க மனதைத் தயார் செய்துகொண்டு, தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். டிசம்பர் 10 தாண்டினாலும் பயப்பட வேண்டாம். விசா முடியும் முன் போட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவின்படி பழைய அனுமதி அதே நிபந்தனைகளோடு தொடரும். வேலைக்கும் போகலாம். நாட்டை விட்டுப் போவது மட்டும் கூடாது.

பனைநிழல்

இதோடு ஒட்டிய ஒரு கேள்வி, கொஞ்சம் அவசரம். மனைவியின் விசா செப்டம்பர் 20 முடிந்துவிட்டது. 15ஆம் தேதியே போட்டு, கைரேகையும் குடுத்தாச்சு. இன்னும் முடிவு வரேல்லை. மாமா, அதாவது அவவின் அப்பா, யாழ் பெரியாஸ்பத்திரியில் ஐசியுவில் இருக்கிறார். அவ போனால் என்ன நடக்கும்?

விதிநூல்

பனைநிழல், மாமா தேறி வர வேண்டும். இதில் மென்மையாகச் சொல்ல வழியில்லை. அவர் இன்று கிளம்பினால் விண்ணப்பமும் வாபஸ், 3சி பாதுகாப்பும் அன்றே முடிந்தது. பழைய விசாவில் நாள் மிச்சமிருப்பவர் திரும்பி வந்து மறுபடி போடலாம். உங்கள் மனைவிக்கு அது முடிந்துவிட்டதால் திரும்பி வர விசாவே இருக்காது.

கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். மருத்துவமனைக் கடிதம் வாங்குங்கள்: நோயாளியின் பெயர், நிலை, தேதி, டாக்டர் கையொப்பம், ஆங்கிலத்தில். உறவைக் காட்ட மனைவியின் பிறப்புச் சான்றிதழ், தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் மொழிபெயர்ப்போடு. இவற்றை வைத்து முடிவைத் துரிதப்படுத்தும்படி ஹோம் ஆபீஸுக்கு எழுதுங்கள். உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்துக்கும் அதையே அனுப்பி, விசாரிக்கச் சொல்லுங்கள். கட்டாயமாகச் செய்வார்கள் என்று உறுதியில்லை, ஆனாலும் இன்றே செய்ய வேண்டிய வேலை இது.

அப்படியும் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், அங்கிருந்து புதிதாக என்ட்ரி கிளியரன்ஸ் (வெளிநாட்டில் இருந்து வாங்கும் நுழைவு விசா) கேட்க வேண்டும். 2025 ஏப்ரல் நிலவரப்படி கட்டணம் 1,938. 33 மாதத்துக்கு ஐ.எச்.எஸ். மூன்று ஆண்டுக் கணக்கில் 3,105. ஆக 5,043 பவுண்டு, கூடவே காசநோய்ப் பரிசோதனைச் சான்று. இலக்கு 12 வாரம். வாபஸான விண்ணப்பத்தின் ஐ.எச்.எஸ். பணம் திரும்பி வரும், கைரேகை கொடுத்தபின் விண்ணப்பக் கட்டணம் வராது. 18,600 சலுகை நீட்டிப்பவர்களுக்காகச் சொல்லப்பட்டது. உங்கள் வருமானம் 29,000க்குக் கீழே என்றால், டிக்கெட் எடுக்கும் முன் பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் காகிதத்தைக் காட்டுங்கள். விசிட் விசாவில் வந்து இங்கே ஸ்பவுஸுக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விசிட்டரில் இருந்து மாற விதி இடம் தராது.

பனைநிழல்

நன்றி அண்ணா. கடிதத்துக்கு அங்கே மச்சானிடம் சொல்லிவிட்டேன். எம்.பி. அலுவலகத்துக்கும் இப்பவே எழுதுறன்.

ஹாரோ_நிலா

காவிரிக்கரை, முடிவு வந்த அன்றே யூகேவிஐ (பிரிட்டிஷ் விசாத் துறை) அக்கவுண்ட்டில் நுழைந்து இ-விசாவில் (ஆன்லைனில் இருக்கும் உங்கள் அனுமதிப் பதிவு) புதிய முடிவுத் தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிஆர்பி கார்டை (வசிப்பு அனுமதி அட்டை) நம்பிப் போகக் கூடாது, அவை எல்லாம் 2024 டிசம்பர் 31 வரைதான். திருச்சியிலோ சென்னையிலோ விமான நிறுவனக் கவுன்டரில் உங்கள் பாஸ்போர்ட் எண்ணை வைத்துத்தான் அனுமதியைத் தேடுவார்கள். அக்கவுண்ட்டில் இருக்கும் எண்ணும் கையில் இருக்கும் பாஸ்போர்ட் எண்ணும் ஒன்றா என்று இங்கேயே சரிபாருங்கள். ஊரில் இருக்கும்போது பாஸ்போர்ட் புதுப்பித்தால் புதிய எண்ணை ஏற்றி, அது உறுதியான பிறகே திரும்புங்கள், பழைய பாஸ்போர்ட்டையும் கையில் வையுங்கள். உங்கள் அனுமதியை மற்றவர் ஆன்லைனில் பார்க்கக் கொடுக்கும் ஷேர் கோடு 90 நாள் செல்லும், திரும்பும் வாரத்தில் புதிதாக ஒன்று எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். லாகின் கோடு வரும் போன் எண் இங்கிலாந்து சிம் என்றால், ஊரில் அதில் மெசேஜ் வருமா என்று கிளம்பும் முன் ரோமிங்கைப் பாருங்கள், அல்லது கோடு மின்னஞ்சலுக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் போவதால் இந்திய இ-விசா அல்லது ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வேண்டும். ஓசிஐக்கு நாளாகும், இந்தத் தடவைக்கு இ-விசாவே போதும்.