பிராண்ட் பெயர் இல்லாமல் என் ஃபேஷியலை எப்படி விற்பது?

அக்காக்களே, தோழிகளே, ஒரு உதவி. ஒன்பது வருஷம் பெரிய பிராண்ட் பார்லரில் வேலை பார்த்துவிட்டு, போன மாதம் மதுரையில் வீட்டு முன்னறையிலேயே சொந்தமாக ஆரம்பித்திருக்கிறேன்.

அங்கே கம்பெனி ஃபேஷியல் கிட் பெயரைச் சொன்னாலே விலை கேட்காமல் உட்காருவார்கள். இங்கே ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு எல்லாம் நானே காயவைத்து, அரைத்து, மெல்லிய துணியில் சலிக்கிற ஃபேஸ் பேக். முழங்கை மடிப்பில் தடவி, ஒரு நாள் பார்த்த பிறகுதான் முகத்தில் போடுவேன். ஆனாலும் முதல் கேள்வி, "என்ன பிராண்ட்?"

பழைய கஸ்டமர் நம்பர்களைத் தொட மாட்டேன், அது அந்தக் கடையுடையது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், கூகுள் மேப் இரண்டும் போட்டாச்சு. 'வெள்ளையாக்கும்' என்று எழுதச் சொல்கிறார்கள், மனசு வரவில்லை. பேக்குக்கு என்ன பெயர் வைக்கலாம்? ஆரம்பச் சலுகை கொடுத்தால் பிறகு விலை ஏற்ற முடியுமா? தனியாகத் தொடங்கியவர்கள் சொல்லுங்களேன்.