ஜாமீன் கிடைத்தும் தம்பி வெளியே வர முடியவில்லை

வணக்கம். எங்கள் ஊர் ஏற்காடு மலைமேல் ஒரு கிராமம். தம்பி காபித் தோட்டக் கூலி. திருட்டு வழக்கு, முதல் வழக்கு. சேலம் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்து 47 நாள் ஆகிறது. இன்னும் விசாரணைக் கைதியாக உள்ளேதான் இருக்கிறான். சேலம் தாலுகாவில் சொத்துள்ள இரண்டு பேர் ஜாமீன்தாரராக வேண்டுமாம். எங்களுக்குக் கீழே யாரைத் தெரியும்?

தோட்டத்து ரைட்டரைக் கேட்டோம், நழுவிவிட்டார். எங்கள் பட்டா தாத்தா பேரில் இருக்கிறது, மாற்றவே இல்லை. ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எதுவும் எடுபடவில்லை. போன வாரம் ஜெயிலில் மனு போட்டுத் தம்பியைப் பார்த்தேன். கை விரலெல்லாம் சிரங்கு; படுத்தால் புரள இடமில்லை என்கிறான்.

இலவச சட்ட உதவி எண் 15100-க்கு போன் செய்தோம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்து 12 நாள், பதில் இல்லை. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை கோர்ட்டே பரிசீலிக்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று கேட்காமலும் இருக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. வக்கீலிடம் காட்டினேன், "பார்க்கலாம்" என்றார். அவர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

தம்பியை ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்த ஜாமீனில் விடச் சொல்லி அதே கோர்ட்டில் நாங்களே மனு போடலாமா, இல்லை செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா?