112 கிலோ ஆளுக்கு டூ-ஸ்ட்ரோக் எண்டூரோ (கரடுமுரடான பாதைக்கான) பைக்: 250 எடுப்பதா, 300 எடுப்பதா?

மாரிட்ஸ்பர்க் வேலு:

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் எடை 112 கிலோ. ஹெல்மெட், பூட்ஸ், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் சேர்ந்தால் 122ஐத் தாண்டும். இத்தனை வருஷமும் 450 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்தான் ஓட்டினேன். கரும்புக்காட்டு மண்பாதையிலும் பண்ணை ரோட்டிலும் அதற்கு ஈடே கிடையாது. ஆனால் இப்போது எங்கள் கூட்டம் முழுக்க டிராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் சாய்ந்துவிட்டது. பாறை ஏற்றம், ஓடை, டோங்காவுக்குள் (மண் அரித்த பள்ளம்) இறங்கி அந்தப் பக்கம் ஏறுவது, இதுதான் ஒவ்வொரு வாரமும். ஏற்றத்தின் நடுவில் 450 அணைந்துவிட்டால் அதைத் திருப்பி நிறுத்துவதற்குள் உயிர் போகிறது. அதனால் டூ-ஸ்ட்ரோக்குக்கு மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பழைய வண்டி இரண்டு கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்று 2019 கேடிஎம் 250 இஎக்ஸ்சி டிபிஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோல் இன்ஜெக்ஷன்), சாட்ஸ்வர்த்தில் தெரிந்தவர் ஒருவரிடம் இருக்கிறது. இன்னொன்று 2017 கேடிஎம் 300 இஎக்ஸ்சி, கார்புரேட்டர் வண்டி, ஜோஹன்னஸ்பர்க்கில். விலை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுக்கும் செல்ஃப் ஸ்டார்ட் உண்டு.

"உன் உடம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு 300 எடு" என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். "300 உன்னைத் தூக்கி வீசிவிடும், டூ-ஸ்ட்ரோக்குக்குப் புதுசாக வருகிறவனுக்கு 250 தாராளம்" என்று மீதிப் பேர். ஏன் என்று கேட்டால் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. 250 எடுத்தால் என் எடைக்கு எந்நேரமும் கிளட்சை இழுத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்குமா? 300 மெதுவாகப் போகும் இடத்தில் முரண்டு பிடிக்குமா? கார்புரேட்டரா டிபிஐயா என்பதும் இதில் ஒரு பெரிய விஷயமா? லெசோத்தோவில் நடக்கும் ரூஃப் ஆஃப் ஆஃப்ரிக்கா எண்டூரோ பந்தயத்தில் ஒருமுறை வெண்கலப் (Bronze) பிரிவிலாவது ஓட்டி முடிக்க வேண்டும் என்பது ஆசை, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

சானி ஏற்றம்:

வேலு தம்பி, 300தான். காரணத்தோடு சொல்கிறேன்.

இந்த இரண்டு இன்ஜினுக்கும் அடிப்பகுதி ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டிலும் 72 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்) மட்டும்தான் வேறு: 250இல் 66.4, 300இல் 72. அதனால் ஒன்று 249 சிசி, மற்றது 293 சிசி. வண்டி எடையில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் கிடையாது. ஆக, அதே எடைக்கு ஏறக்குறைய 18 சதவீதம் பெரிய இன்ஜின் கிடைக்கிறது.

அந்த 18 சதவீதம் எங்கே தெரியும் என்பதுதான் முக்கியம். முழு த்ராட்டிலில் போகும்போது உங்களுக்கோ எனக்கோ அது பெரிதாகத் தெரியாது. ஏற்றத்தின் நடுவில் ஒரு பாறை குறுக்கே வருகிறது, த்ராட்டிலை மூடி முன் சக்கரத்தை அதன் மேல் ஏற்றுகிறீர்கள், பின் சக்கரம் பாறையில் முட்டும்போது திரும்பத் திறக்கிறீர்கள். அந்த நேரத்தில் இன்ஜின் சுற்று கீழே விழுந்திருக்கும். 250ஆக இருந்தால் 120 கிலோவைச் சுமந்துகொண்டு அங்கிருந்து எழுந்து வருவதற்கு மூச்சு வாங்கும். கிளட்சைப் பிடித்துச் சுற்றை ஏற்றுவீர்கள், திடீரென்று பவர் வந்து பின் சக்கரம் சுழன்று குழி தோண்டும், வண்டி நின்றுவிடும். 300இல் அதே இடத்தில் கிளட்சைத் தொடாமல் ஒரு கியர் அதிகமாகவே வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போகலாம். நம்மைப் போன்ற கனமான ஆளுக்கு இதுதான் வித்தியாசம். "300 தூக்கி வீசும்" என்பவர்கள் அதை 250 ஓட்டுகிற மாதிரி சுற்றை ஏற்றி ஓட்டியிருப்பார்கள். தாழ்ந்த சுற்றில் வைத்து ஓட்டினால் அதைவிடச் சாதுவான வண்டி கிடையாது. 2017லிருந்து இந்த இன்ஜினில் பேலன்சர் ஷாஃப்ட் வந்துவிட்டதால் கை மரத்துப்போகும் பழைய அதிர்வும் இல்லை.

அடுத்தது உயரம். ரூஃப் என்று ஆசைப்படுகிறீர்கள், லெசோத்தோவில் எந்த இடமும் ஏறக்குறைய 1400 மீட்டருக்குக் கீழே கிடையாது. சானி கணவாயின் உச்சி 2800 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய கால்வாசி குறைவு, இன்ஜின் பவரும் அதே கணக்கில் இறங்கும். டர்பனில் ஓட்டிப் பார்த்து "250 போதும்" என்று முடிவு செய்துவிட்டு மேலே போனால் அது காலை வாரிவிடும். 300கூட அந்த உயரத்தில் கடற்கரை 250ஐவிடச் சற்றுக் குறைவாகத்தான் இழுக்கும். 250 என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்க வீரர் வேட் யங் ரூஃபில் ஷெர்கோ 300 ஓட்டி ஜெயித்தவர், அவர் எடை உங்கள் எடையில் பக்கத்தில்கூட வராது.

அம்லாங்கா ராஜு:

அண்ணா சொல்வதில் உயரக் கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் 250ஐ இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது.

நான் ஹெல்மெட், பூட்ஸோடு நூறு கிலோவைத் தாண்டுகிறவன், ஓட்டுவது 250. தராசில் எடை ஒன்றுதான். ஆனால் உள்ளே சுற்றும் பாகங்கள் 300இல் கனம். நெருக்கமான மரங்களுக்குள் இடமும் வலமுமாக வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது 250 சொன்னபடி கேட்கும். நாள் முழுக்க ஓட்டினால் சாயங்காலம் முன்கையில் அந்த வித்தியாசம் தெரியும். ரூஃப் மாதிரி நீண்ட ஓட்டத்தில் கை இறுகிப்போனால் எத்தனை சிசி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

தாழ்ந்த சுற்றில் இழுவை குறைவு என்பதற்கும் வழி இருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டை (செயின் மாட்டும் பல்சக்கரம்) 14 பல்லிலிருந்து 13க்கு மாற்றுங்கள், செலவு மிகக் குறைவு. பின்னால் 50 பல் இருந்தால் விகிதம் 3.57இலிருந்து 3.85க்குப் போகும், அதாவது பின்னால் நான்கு பல் கூட்டியதற்குச் சமம். வேகமான ரோட்டில் கொஞ்சம் இழப்பீர்கள், மலையில் அது ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் டிபிஐ. இதைத்தான் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும் என்பேன். காலையில் மாரிட்ஸ்பர்க்கில் பக்கியில் (பிக்அப் வண்டி) ஏற்றி மத்தியானம் சானி உச்சியில் இறக்கினால், காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து பெட்ரோலை அதுவே சரிசெய்துகொள்ளும். ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டாம். ஆயிலுக்கும் தனி டேங்க், கலக்கும் வேலை இல்லை. 2017 வண்டியில் பெட்ரோல் போடும்போதெல்லாம் 1க்கு 60 என்று ஆயில் கலக்க வேண்டும், பத்து லிட்டருக்கு 167 மில்லி. லெசோத்தோவில் ஏதோ ஒரு கிராமத்து பங்க்கில் நின்றுகொண்டு ஆயில் பாட்டிலைத் தேடும் நிலைமை வேண்டுமா என்று பாருங்கள். 300 டிபிஐ கிடைத்தால் நானே அதைத்தான் எடுக்கச் சொல்வேன். இந்த இரண்டு வண்டிக்குள் என்றால் என் ஓட்டு 250க்கு.

மாரிட்ஸ்பர்க் வேலு:

இருவருக்கும் மிக்க நன்றி, இப்படி விளக்கமாக யாரும் சொன்னதில்லை. தேடிப் பார்த்துவிட்டேன், 300 டிபிஐ என் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. ஆயில் கலப்பது எனக்குப் பிரச்சினை இல்லை, பழகிக்கொள்வேன். மனசு 300 பக்கம் போகிறது. ஆனால் கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, அதுதான் பயம். சஸ்பென்ஷன் பற்றியும் யாராவது சொல்லுங்கள். சாட்ஸ்வர்த் 250இல் உட்கார்ந்து பார்த்தேன், பின்னால் அப்படியே அமுங்கிவிட்டது.

லெனேசியா பட்டறை:

தம்பி, கடைசி வரியில் எழுதினீர்களே, அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் எடைக்கு 250ஆ 300ஆ என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி ஸ்ப்ரிங்.

இந்த வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 75 முதல் 85 கிலோ ஆளுக்கான ஸ்ப்ரிங்கோடு வருகின்றன. நீங்கள் அதைவிட எவ்வளவு மேலே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொண்டால் ஏற்றத்தில் முன் சக்கரம் காற்றில் மிதக்கும், திருப்பத்தில் வெளியே ஓடும். "300க்கு முன் சக்கரம் தூக்குகிறது, பயமாக இருக்கிறது" என்று என் பட்டறைக்கு வருகிற கனமான ஆட்களில் பாதிப் பேருக்கு இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது. ஸ்ப்ரிங்கை மாற்றி அனுப்பினால் அதே வண்டி அவர்களுக்கு அடங்கிவிடுகிறது.

வீட்டிலேயே அளந்து பாருங்கள். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து அச்சிலிருந்து ஃபெண்டரில் குறித்த ஒரு புள்ளி வரை டேப் வைத்து அளங்கள். அப்புறம் வண்டியை இறக்கி, ஆள் இல்லாமல் அளங்கள், 35 மி.மீ. சுற்றி இறங்கியிருக்க வேண்டும். அப்புறம் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஃபுட்பெக்கில் நின்றுகொள்ளுங்கள், வேறொருவர் அளக்கட்டும், 105 முதல் 110 மி.மீ. இறங்கினால் சரி. உங்கள் எடைக்கு இது 130, 140 என்று போகும். உடனே பிரீலோட் வளையத்தை (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பது) முறுக்கி 105க்குக் கொண்டுவரத் தோன்றும். கொண்டுவரலாம். ஆனால் அப்போது ஆள் இல்லாத அளவு பத்து, பதினைந்து என்று சுருங்கிவிடும், இறக்கத்தில் வண்டியின் பின்பக்கம் உதைக்கும். அப்படி ஆனால் ஸ்ப்ரிங் மெலிது என்று அர்த்தம், எவ்வளவு முறுக்கினாலும் தீராது. பின் ஷாக்கோடு முன் ஃபோர்க் ஸ்ப்ரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்த குணத்தோடு நிற்கும். கடையில் உங்கள் எடையை மறைக்காமல் சொல்லுங்கள். வண்டி விலையிலேயே இந்தச் செலவை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். மியூஸ் (டியூபுக்குப் பதில் டயருக்குள் வைக்கும் ஃபோம்) போடுகிறவராக இருந்தால் அதிலும் கெட்டியானதாகப் பாருங்கள், மெலிந்துபோன மியூஸ் உங்கள் எடைக்குப் பாறையில் ரிம்மைக் காப்பாற்றாது.

இப்போது ஜெட். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு விஷயத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஜோஹன்னஸ்பர்க் 1700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஓடும் கார்புரேட்டர் வண்டிக்கு இந்த மெல்லிய காற்றுக்கு ஏற்றபடி சிறிய மெயின் ஜெட் போட்டிருப்பார்கள். அதே வண்டியைக் கீழே கொண்டுபோய் டர்பன் கடற்கரையில் த்ராட்டிலைப் பிடித்து ஓட்டினால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கலவை லீன் ஆகி, சூடேறி, பிஸ்டன் சீஸ் ஆகும் (சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்). வண்டி நல்ல வண்டியாக இருக்கும், வாங்கிய முதல் வாரத்திலேயே இன்ஜின் போகும். அதனால் வாங்கியவுடன் கார்புரேட்டரைத் திறந்து என்ன ஜெட் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, நீங்கள் ஓட்டப்போகும் இடங்களில் எது மிகத் தாழ்வானதோ அதற்கு ஏற்ற பெரிய ஜெட்டைப் போடுங்கள். அதே ஜெட்டோடு சானி மேலே போனால் கலவை ரிச் ஆகும், புகை வரும், இழுவை கொஞ்சம் மந்தமாகும், பிளக் நனையலாம், ஆனால் பிஸ்டனுக்கு ஒன்றும் ஆகாது. ரூஃபுக்குப் போகும்போது மட்டும் சிறிய ஜெட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழகினால் அரை மணி நேர வேலை. திரும்பி வந்ததும் மறக்காமல் பழையதைப் போட்டுவிடுங்கள்.

300 பவர் வருவது முரடாகத் தெரிந்தால் பவர் வால்வு (சுற்று ஏற ஏற எக்ஸாஸ்ட் போர்ட்டைத் திறப்பது) ஸ்ப்ரிங்கைப் பச்சைக்கு மாற்றுங்கள். மஞ்சள் வழக்கமானது, சிவப்பு வேகமாக விழிக்கும், பச்சை சாது. புதுசாக டூ-ஸ்ட்ரோக்குக்கு வருகிறவருக்குப் பச்சை நல்லது.

அம்லாங்கா ராஜு:

இந்த ஜெட் விஷயத்தை நான் யோசிக்கவில்லை, பட்டறை அண்ணா சொன்னது சரி. மேலே இருந்து கீழே வருவதுதான் ஆபத்து. சரி, ஜெட் மாற்றக் கற்றுக்கொள்ளத் தயார் என்றால் 300 எடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. மரத்துக்குள் 250 நன்றாகத் திரும்பும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாரிட்ஸ்பர்க் வேலு:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ஜோஹன்னஸ்பர்க் போய் 300ஐப் பார்க்கிறேன். வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

லெனேசியா பட்டறை:

இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ச் சேருங்கள், முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹவர் மீட்டரில் எவ்வளவு, கடைசியாகப் பிஸ்டன் மாற்றியது எந்த மணியில், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. கம்ப்ரெஷன் கேஜ் வைத்து அளங்கள். எக்ஸ்பேன்ஷன் பைப்பை (இன்ஜினை ஒட்டிய புகைக்குழாய்) கழற்றச் சம்மதித்தால் எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்து பிஸ்டன் பக்கவாட்டில் நெடுக்குக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், சீஸ் ஆன வண்டி அங்கே காட்டிக்கொடுத்துவிடும். ரேடியேட்டர் வளைந்திருக்கிறதா, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங்ஆர்ம் பேரிங் தடதடக்கிறதா என்பதையும் பாருங்கள். வாங்கினால் அன்றைக்கே பக்கியில் என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், நீங்கள் N3 நெடுஞ்சாலையில் கீழே இறங்குவதற்கு முன் ஜெட்டைப் பார்த்துப் போட்டுவிடலாம்.